கறளில் தொடங்குங்கள்: திருகோணமலையில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் திருத்த நினைப்பவருக்கு

நான் வாங்கிய முதல் ஹொண்டா சிவிக்கின் வலப்பக்கக் கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவில்லை. காசைக் கொடுத்து, பேப்பரைக் கைமாற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் காந்தம் வைத்துப் பார்க்கவே எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் கராஜில் காரைத் தூக்கினோம். மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவர் முனையால் அந்த இடத்தைச் சுரண்டினார். பெயின்ற் உரிந்தது, கீழே வெள்ளைப் புட்டி, அதற்கும் கீழே பிசின் ஊறிய பைபர் துணி. மீன்பிடிப் படகின் ஓட்டையை அடைக்கிற அதே சாமான். உப்புவெளிக் கரையில் அரை நாள் நின்றவனுக்கு அந்த மணம் தெரியும். "தம்பி, நீ வாங்கினது கார் இல்ல, தோணி" என்றார் அண்ணன்.

இஞ்சின் அருமையான இஞ்சின். இன்னொரு காரின் கூட்டுக்குள், அதாவது தகட்டு உடம்புக்குள், இன்றும் ஓடுகிறது. என் கூடு பழைய இரும்புக்குப் போனது.

அதனால் இந்த வழிகாட்டியில் எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பேன். திருகோணமலையில் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் உடம்பை வாங்க வேண்டும். இஞ்சின், கியர் பொக்ஸ், சீட், சில்லு எல்லாம் 49ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் அலைந்தால் கிடைக்கக்கூடியவை. கறள் தின்னாத கூடு அப்படிக் கிடைக்காது.

படி 1: எந்த வீதியில் ஓடப்போகிறது?

நம் நாட்டில் ஊருக்குள் காருக்கு 50, ஊருக்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகம்தான் சட்டம். திருகோணமலைக்கு அதிவேகப் பாதை இன்னும் வரவில்லை. நீங்கள் ஓடப்போவது நிலாவெளி வீதி, கிண்ணியாப் பாலம், கந்தளாய் வழியாக ஹபரணைக்குப் போகும் ஏ6, அல்லது ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகும் ஏ12. முதலாவதில் இரவில் மாடுகள் தாரில் படுத்திருக்கும். மூன்றாவதில் யானை நிற்கும்.

280 குதிரைவலு உள்ள காரை இந்த வீதிகளில் முழுதாக ஓட்ட ஒருநாளும் வாய்க்காது. ஒரு டன்னுக்குக் கிட்டிய எடை, நூற்றுச்சொச்சம் குதிரைவலு, கையால் போடும் கியர் உள்ள சின்னக் கார் என்றால் 60லேயே சிரிப்பு வரும். இது என் சொந்த அபிப்பிராயம். எவோ (மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், டேர்போ பூட்டிய வேகக் கார்) வைத்திருக்கும் நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை நுவரெலியாவில் மககஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் கணக்கு வேறு. அதற்கு முதலில் அந்தப் போட்டியில் எந்த வகுப்பில் ஓடுவது என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற காரைத் தேடுங்கள். வாங்கிய காருக்கு வகுப்புத் தேடினால் காசு இரண்டு தரம் போகும்.

படி 2: எந்தக் கார்?

முதலில் ஒரு யதார்த்தம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தார்கள். ஆனால் இறக்கும் வாகனத்துக்கு வயது வரம்பு இருப்பதால் 1990களின் கார் எதையும் இனிக் கப்பலில் கொண்டுவர வழியில்லை. ஏற்கெனவே தீவுக்குள் இருப்பவைதான் சரக்கு. அவையும் வருடாவருடம் குறைகின்றன. விலையும் அதற்கேற்ப நிற்கிறது.

ஹொண்டா சிவிக், 1995 முதல் 2000 வரை வந்த ஆறாம் தலைமுறை. நம்மிடையே அதிகம் கிடைப்பது ஈகே3 என்ற மொடல் குறியீடுள்ள நான்கு கதவு பெரியோ. டி15பி இஞ்சின், மூன்று கட்ட வீடெக் (இஞ்சின் சுற்றுக்கேற்ப வால்வு திறக்கும் அளவை மாற்றும் ஹொண்டா முறை), 130 குதிரைவலு. நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் இரு கைகள் பிடித்திருக்கும். இந்த விலையில் அப்படி ஓர் அடித்தளம் வேறு காரில் கிடைக்காது, திருத்தக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. கவனிக்க வேண்டியது கியர். பல ஈகே3 சீவீடி கியரோடு (பெல்ட்டில் ஓடும், படிகளில்லாத ஓட்டோ கியர்) வந்தவை. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது உதறினால் கைகழுவிவிடுங்கள். ஈகே4 என்றால் பி16ஏ இஞ்சின், 170 குதிரைவலு. ஈகே9தான் அசல் டைப் ஆர், சிவிக்கின் உச்ச ஸ்போர்ட்ஸ் வடிவம், 1997இல் வந்தது, 185 குதிரைவலு.

டொயோட்டா ஸ்டார்லட். ஈபி82 ஜீடி, அதற்குப் பின் வந்த ஈபி91 கிளான்சா. 1331 சீசீ டேர்போ, 135 குதிரைவலு, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நல்லதாகக் கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். கிடைப்பதுதான் பாடு.

மிட்சுபிஷி லான்சர். இங்கே ஒரு பெரிய கூத்து இருக்கிறது. சாதாரண 1500 சீசீ லான்சர் சிகே2ஏ, எவோ பம்பரும் ஸ்பொய்லரும் பூட்டி, "எவோ" என்று விற்பனைக்கு நிற்கும். செசி இலக்கத்தைப் பாருங்கள். எவோ 4 என்றால் சிஎன்9ஏ, எவோ 5, 6 என்றால் சிபி9ஏ, 7 முதல் 9 வரை சிடி9ஏ என்று தொடங்க வேண்டும். சிகே2ஏ கெட்ட கார் என்று சொல்லவில்லை. மலிவாகத் திருத்தி ஓட நல்ல கார்தான். எவோ விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சுபாரு இம்பிரேசா ஜிசி8. ஈஜே20 இஞ்சினின் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் மறந்தாலும் பேரிங் போய்விடும். திருகோணமலையில் இந்த மாதிரிப் பொக்ஸர் இஞ்சினை (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் இஞ்சின்) திறந்து மூடிய அனுபவமுள்ள கை யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8. வடிவான கார். ரோட்டரி இஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்), வடிவமைப்பிலேயே ஒயிலைக் கொஞ்சம் எரிக்கும். சூடான இஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் ரோட்டர் முனையிலுள்ள சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். முதல் காராக இதை வாங்க வேண்டாம்.

2005க்குப் பின் வந்தவற்றில் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இசட்சி31எஸ். 1600 சீசீ, 125 குதிரைவலு, டைமிங் செயின். வீட்டில் "ஏன் உனக்கு இந்த விசர்" என்று கேட்பவர்கள் இருந்தால் இதைக் காட்டுங்கள். ஐந்து கதவு உள்ளதைப் பார்த்தால் குடும்பக் கார் மாதிரித்தான் இருக்கும். அவர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

படி 3: எங்கே தேடுவது?

திருகோணமலைக் காரை திருகோணமலையில் வாங்காதீர்கள். சொந்த ஊரைக் குறை சொல்வதற்கு மன்னிக்கவும். உப்புவெளி என்று உப்பை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம், நிலாவெளியில் உப்பளம் வைத்திருக்கிறோம், கடற்காற்று இரவு பகல் பாராமல் வீசுகிறது. இங்கே இருபது வருடம் வெளியில் நின்ற இரும்பு இரும்பாக இருக்காது. நீர்கொழும்பு, காலி, கல்முனைக் கார்களுக்கும் இதே கதைதான்.

குருநாகல், அநுராதபுரம், கண்டி போன்ற உள்நாட்டுக் கார்களைத் தேடுங்கள். கண்டிக் காரில் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். பரவாயில்லை, அவை மாற்றக்கூடிய சாமான்கள்.

ஒரு புதிய எச்சரிக்கை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் களனி, மகாவலிக் கரைகளில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அவற்றில் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருபவை கொஞ்சக் காலத்துக்கு இருக்கும். நம் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகும் இது நடந்தது. கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ற்றுகளைப் பாருங்கள். சிவிக்கில் இஞ்சின் கணினி முன் பயணியின் கால்மாட்டில், கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளத்தில் முதலில் நனைவதே அதுதான். அந்த மூலைக்குள் கைவிட்டுத் தடவி, விரலை முகர்ந்து பாருங்கள்.

படி 4: புத்தகம்

காரைப் பார்க்க முன் சிஆர் புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, பாருங்கள். அதில் நான்கு விஷயம்: செசி இலக்கம், இஞ்சின் இலக்கம், நிறம், உரிமையாளர். மூன்றைக் காரோடு ஒப்பிடுங்கள், நான்காவதை விற்பவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களுக்கு நீண்ட பதினேழு இலக்க எண் கிடையாது. மொடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கம். அவ்வளவுதான். சிவிக்கில் பொனட்டைத் திறந்தால் இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் குத்தியிருக்கும். "டைப் ஆர்" என்று சிவப்பு ஹொண்டா முத்திரை குத்திய கார் ஈகே3 என்று தொடங்கினால், முத்திரையை மட்டும் ரசித்துவிட்டு வாருங்கள். எழுத்துகளைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்றோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். விலை பேச வேண்டிய விஷயமில்லை அது.

இஞ்சின் மாற்றிய கார்கள் அதிகம். மாற்றியது குற்றமல்ல, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாததுதான் பிரச்சினை. புத்தகத்தில் டி15பி, பொனட்டுக்குக் கீழே பி16ஏ என்றால், அதைச் சரிசெய்து தருவது விற்பவரின் வேலை. "நீங்க எடுத்திட்டு மாத்துங்கோ தம்பி, சின்ன வேலை" என்பார்கள். சின்ன வேலை என்றால் அவரே செய்திருப்பார்.

ஓபன் பேப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் காதைக் கூர்மையாக்குங்கள். பதிவு உரிமையாளர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், நடுவில் கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவம். அந்த உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால், அல்லது காலமாகியிருந்தால், நீங்கள் காரை ஓட்டலாம், உங்களுடையதாக்க முடியாது. லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால் அது நீங்கும்வரை முழுக் காசும் கொடுக்காதீர்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பாண்டுக்கு உள்ளதா என்று பாருங்கள். புகைப் பரிசோதனையில் தேறாமல் கிடப்பில் போட்ட கார்கள்தான் பலதடவை "சும்மா நிக்கிற கார்" என்று விற்பனைக்கு வருகின்றன.

படி 5: உடம்பு

இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலையில், வெயில் ஏறுமுன், கார் காய்ந்திருக்கும்போது. மழையில் நனைந்த காருக்கு எல்லாப் பெயின்றும் அழகுதான். கொண்டுபோக வேண்டியவை: மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், டோர்ச், பழைய சாரம் ஒன்று. சாரம் ஏனென்றால் நீங்கள் படுக்கப்போகிறீர்கள்.

காந்தத்தைப் பின் சில்லுக்கு மேலுள்ள வளைவில் வையுங்கள். சிவிக்குக்கு அதுதான் முதல் நோய். ஓரத்தை உள்பக்கமாக விரலால் தடவுங்கள். தகடு கூராகவும் சீராகவும் இருக்க வேண்டும். தடிப்பாக, உருண்டையாக இருந்தால் புட்டி. பிறகு கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் பெட்டிப் பகுதி. காரைத் தாங்குவதே அதுதான். காந்தத்தை அதன் நீளம் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். எங்காவது பிடி தளர்ந்தால் அங்கே நிறுத்தித் தட்டுங்கள். தகடு "டங்" என்னும், பைபர் "டொக்" என்னும். என் சிவிக் "டொக்" என்றுதான் சொன்னது, கேட்க ஆள்தான் இருக்கவில்லை.

டிக்கியில் ஸ்பெயார் சில்லைத் தூக்குங்கள். அந்தக் குழியில் தண்ணீர்க் கோடு இருந்தால் பின் லைற் ரப்பர் போயிருக்கிறது. முன்னால் பொனட்டைத் திறந்து, ஷொக் அப்சோபரின் மேற்பகுதி பூட்டியிருக்கும் இரு கோபுரங்களையும் பாருங்கள். அங்கே தகடு வெடித்திருந்தாலோ வெல்டிங் செய்திருந்தாலோ கார் மோதியது, அல்லது உக்கியது. எதுவாயினும் வேண்டாம். பற்றரித் தட்டுக்குக் கீழே கறள் இருப்பது சாதாரணம், அசிட் வடிவதால் வருவது.

இப்போது சாரத்தை விரியுங்கள். பின் சஸ்பென்ஷன் கை உடம்போடு சேரும் இடம், பிரேக் குழாய்கள், பெற்றோல் தாங்கியைப் பிடித்திருக்கும் பட்டிகள். மேலோட்டமான செம்பொடி பயப்பட வேண்டியதல்ல. ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டுகிறதா என்பதுதான் கேள்வி. அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்பு அண்டர்சீல் (அடிப்பாகத்துக் காப்புப் பூச்சு) பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கறளின் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும்.

விற்பவர் தட்ட விடாவிட்டால்? தேநீர் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று எழுந்து வாருங்கள்.

படி 6: இஞ்சின்

முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வாறவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், அல்லது கடைக்குப் போய்வந்திருக்கிறார்கள். இரண்டாவது காரணம்தான் எப்போதும் சொல்லப்படும்.

ரேடியேற்றர் மூடியைக் குளிரில் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ற் என்றால் நல்லது. தேத்தண்ணி நிறம் என்றால் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய கார். நம் கரையோரக் கிணறுகளின் உவர்நீர் அலுமினிய இஞ்சின் தலையை உள்ளிருந்து அரிக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஒயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிக் குழம்பு இருந்தாலோ ஹெட் கேஸ்கட்டை (இஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்பை) சந்தேகியுங்கள்.

கொம்பிரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை, கேளுங்கள். அரை மணித்தியால வேலை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதுதான் முக்கியம். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் "இப்பதான்" என்பார்கள். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டி15பி, பி16ஏ, எவோவின் 4ஜி63, சுபாருவின் ஈஜே20 எல்லாமே பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் மோதும். எவோவில் இன்னொரு சின்ன பெல்ட்டும் உள்ளே உண்டு, அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஏசியைப் போட்டுக் காரை நின்ற இடத்தில் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பமுள் நடுவுக்குக் கீழே ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை நண்பகலில் கந்தளாய் வெயிலில் ஒரு லொறிக்குப் பின்னால் நிற்கப்போகிற கார் இது.

படி 7: ஓட்டம்

முதலில் வெட்டையான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள். "டக் டக்" என்றால் சீவீ ஜொயின்ற், சில்லுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டு. மாற்றலாம். பிறகு நான்காம் கியரில் 40இல் போய்க்கொண்டே காலை முழுதாக அழுத்துங்கள். இஞ்சின் மட்டும் கத்தி கார் போகாவிட்டால் கிளச். ஹொண்டா என்றால் இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாக மாற்றிப் பாருங்கள். பல்லைக் கடித்தால் சின்குரோ (கியர்ப் பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வளையம்), அதற்கு கியர் பொக்ஸைத் திறக்க வேண்டும்.

உள்ளூரில் ஒரு கார் பார்த்தே தீருவேன் என்றால் உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், பிறகு நிலாவெளி வீதியில் விடியற்காலை ஆளில்லா இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். வீடெக் உள்ள காரில் ஒருமுறையாவது 6000 சுற்றுக்கு மேல் ஏற்றுங்கள். சத்தம் மாறி முதுகில் ஒரு தள்ளு விழ வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் ஒயில் குறைவாக இருக்கலாம், வீடெக்கை இயக்கும் மின் வால்வான சொலனாய்ட் போயிருக்கலாம், அல்லது அது வீடெக்கே இல்லாத இஞ்சினாக இருக்கலாம். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

மீற்றரில் உள்ள கிலோமீற்றரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெடல் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரத்தையும் நம்புங்கள்.

படி 8: காசு

கையில் பத்துப் பங்கு இருந்தால் ஆறு பங்குக்குக் கார் வாங்குங்கள். இரண்டு பங்கு உடனே தேய்ந்த சாமான் மாற்ற. ஒரு பங்கு பெயர் மாற்றம், காப்புறுதி, மற்றச் செலவு. மிச்சம் ஒன்றுதான் திருத்தத்துக்கு. பத்தையும் கொடுத்துக் கார் வாங்கியவர்களின் கார் இரண்டு வருடம் படங்குக்குக் கீழே நிற்பதை நம் ஊரிலேயே காணலாம்.

படி 9: திருத்தம், ஆனால் வரிசைப்படி

முதல் மாதம் யாருக்கும் காட்ட ஒன்றுமே இருக்காது. டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், ரேடியேற்றர் ஹோஸ், தேர்மோஸ்டாற், கூலன்ற், எல்லா ஒயிலும். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும் சாமான். நம் கடற்கரைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள், டொட் 4 என்ற தரம் போடுங்கள்.

இரண்டாவதாக ரயர். பழைய ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரம் செய்தது. ரயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு) எவ்வளவு இருந்தாலும் வெயிலில் காய்ந்த ரப்பர் மழையில் பிடிக்காது. ரிம் மாற்றுவதென்றால் போல்ற் வட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். ஈகே3, ஈகே4க்கு நான்கு போல்ற், 100 மில்லிமீற்றர். ஈகே9க்கும் எவோவுக்கும் ஐந்து, 114.3. ஜிசி8க்கு ஐந்து, 100. வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் அகல ரிம் வீல் பேரிங்கைத் தின்னும்.

மூன்றாவது, என் கணக்கில் காசுக்கு அதிகம் கிடைப்பது: சஸ்பென்ஷன் புஷ்கள், அதாவது மூட்டுகளிலுள்ள ரப்பர்கள். முப்பது வருட ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும். அவற்றையும் ஷொக் அப்சோபர்களையும் மாற்றி அலைன்மென்ற் பார்த்தால், "இதுவா நான் வாங்கின கார்" என்று கேட்பீர்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதீர்கள். தாழ்த்த வேண்டுமென்றால் அதற்கென்று செய்த ஸ்பிரிங் போட்டு, இரண்டு விரல் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஊரிலுள்ள வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் சைலன்சரால் கப்பம் கட்ட வேண்டும்.

நான்காவது, நல்ல பிரேக் பாட், நல்ல முன் லைற். யானை விஷயத்தை மேலே சொன்னேன். லைற் என்றால் கண் கூசும் எல்ஈடி பட்டைகள் அல்ல. மங்கிப்போன கண்ணாடியை மெருகிட்டு, சரியான பல்ப் போட்டு, உயரம் பார்த்துப் பூட்டுவது. 2025 ஜனவரியில் பொலிஸார் நாடெங்கும் கூடுதல் விளக்குகளையும் சத்தமான சைலன்சர்களையும் கழற்றவைத்தபோது, வீதியோரத்தில் ஸ்பனரோடு நின்றவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் இஞ்சின். இன்டேக், அதாவது இஞ்சினுக்குக் காற்று எடுக்கும் குழாய், மாற்றுவதென்றால் பம்பருக்குள் தாழ்வாகப் போகும் குழாயைப் பூட்டாதீர்கள். காற்றுக் குளிராக வரும் என்பது உண்மை. நவம்பர், டிசம்பர் மழையில் தேங்கிய தண்ணீரையும் அதே குழாய்தான் உறிஞ்சும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும்.

டேர்போக் காரில் பூஸ்ற் (டேர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏற்ற நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் அந்த இஞ்சின்களை அளவெடுத்தது அவர்களுடைய உயர்ரக பெற்றோலுக்கு. அது 96 ஒக்டேனுக்குக் குறையாது, பம்பில் 100க்குக் கிட்ட இருக்கும். நம் பெற்றோல் செட்டில் பெரும்பாலும் 92, 95தான். கம்பனி அளவிலேயே கொஞ்சம் நெருக்கடியில் ஓடும் இஞ்சினுக்கு மேலும் பூஸ்ற் கொடுத்தால் உள்ளே தட்டத் தொடங்கும், பிறகு பிஸ்டன் உடையும். 95 அடித்து, நம் பெற்றோலுக்கேற்ப டியூன் செய்து ஓடுங்கள். 92 வேண்டவே வேண்டாம்.

இஞ்சினோ நிறமோ மாற்றினால் திணைக்களத்தில் பதியுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் செய்த திருத்தத்தை எழுத்தில் சொல்லிவையுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

உப்போடு குடித்தனம்

நல்ல கூட்டை உள்நாட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டீர்கள். அதை இங்கே வைத்திருப்பது தனி வேலை. கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றே அடிப்பாகத்துக்கும் சில்லு வளைவுகளுக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்று உவர் அல்ல. கதவுகளின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகளை வருடம் இருமுறை குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். மணல் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே உக்கும். பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுக் கறள்தடுப்பானை நீளக் குழாயால் அடிக்கலாம். பழையவர்கள் கழித்த இஞ்சின் ஒயிலை அடிப்பாகத்தில் தெளிப்பார்கள். கறளுக்கு ஓரளவு கேட்கும், ஆனால் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட புது புஷ் ரப்பரை ஊதிக் கெடுக்கும்.

மூடுவதற்கு தார்ப்போலின் வேண்டாம். காற்றில் அடித்துப் பெயின்றைத் தேய்க்கும், உள்ளே வியர்க்கும். நாலு தூண், மேலே தகரம், பக்கமெல்லாம் திறந்த கொட்டில் போதும். கடலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் கிடுகு கட்டிவிடுங்கள். என் இப்போதைய ஈகே4 அப்படித்தான் நிற்கிறது. காந்தம் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து, வலப்பக்கக் கதவுக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன்.